திருப்புல்லாணி, சேதுக்கரை: வேண்டியது கிடைக்காதவர்கள் போகலாமா?

ராமநாதபுரம் கடலோரத்தில் வேண்டுதல் தலங்களுக்குப் பஞ்சமே இல்லை. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம், ஓரியூரில் 1693-ல் அருளானந்தர் ரத்தம் சிந்திய மண், ஏர்வாடியில் தர்கா. எல்லா இடத்துக்கும் ஜனம் கேட்கத்தான் வருகிறது. கேட்டு ஓய்ந்தவர்கள் எங்கே போவது? மாதக்கணக்காக விளக்குப் போட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளை வீட்டுக்குக் கூட்டிவர முடியாதவர்கள், 'அடுத்த தடவை கரு கட்டாயம் தங்கும்' என்ற பேச்சை இனிமேல் கேட்க மனசில்லாதவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் திருப்புல்லாணி ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலையும் அதைத் தாண்டியிருக்கும் சேதுக்கரையையும் இங்கே எடைபோட்டிருக்கிறது. சிற்பத்துக்கும் லாட்ஜ் வசதிக்கும் இதில் மார்க் கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். போகலாம், போக வேண்டிய இடம். பரிகாரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பாதி நாளும் நிறையப் பணமும் போகும், மனசு வந்தபடியேதான் திரும்பும். தர்ப்பசயன ராமர் சன்னதிக்கென்று போனால் வேறு மாதிரி.

108 திவ்ய தேசங்களில் ஒன்று இது. பெருமாள் இங்கே மூன்று கோலம். ஆதி ஜெகந்நாதர் வீற்றிருக்கிறார், பட்டாபிராமர் நிற்கிறார், தர்ப்பசயன ராமர் படுத்திருக்கிறார். வருகிறவர்களில் பெரும்பாலோர் மூலவரைச் சேவித்துவிட்டு, அரசமரத்தடி நாகர்களைச் சுற்றிவிட்டு, படுத்திருக்கும் ராமரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன்.

அங்கே நடந்தது என்ன? சீதையைத் தேடி இலங்கைப் பக்கம் வந்த ராமன், விபீஷணன் சொன்ன யோசனைப்படி கடலரசனிடம் வழி கேட்கிறான். தர்ப்பையைப் பரப்பி, வலக்கையைத் தலைக்கு அணையாக வைத்து, கிழக்கு முகமாகப் படுத்து, நியமம் தப்பாமல் மூன்று ராத்திரி கிடந்தான் என்கிறார் வால்மீகி. கடலரசன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரியப்பட்ட ஒருத்திக்காக, முறையில் ஒரு குறையும் வைக்காமல் செய்த வேண்டுதல், மூன்று நாளும் பதிலில்லாமல் போன இடம் இது. இந்தச் சன்னதியில் ராமர் பக்கத்தில் சீதை கிடையாது. வழிகாட்டிகள் இதை 'சீதை இல்லாத ராமர்' என்று ஒரு அதிசயம் மாதிரி சொல்லி ஓட்டிவிடுவார்கள். இதில் என்ன அதிசயம்? அவள் அப்போது அவனோடு இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாகிப் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

"நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன், அதனால்தான் கேட்கவில்லை" என்பது பதில் வராத வீடுகளில் ஓடும் முதல் எண்ணம். விரதத்தில் ஒரு நாள் விட்டுப்போனது, தீட்டு நாளில் விளக்கேற்றியது, சங்கல்பத்தில் நட்சத்திரத்தை மாற்றிச் சொன்னது என்று பழி தேடிக்கொண்டே இருப்பார்கள். ஜோசியமும் தரகும் பிழைப்பதே இந்த எண்ணத்தை நம்பித்தான். பிழையில்லாத வேண்டுதலும் மூன்று ராத்திரி கிடக்கலாம் என்று கல்லிலேயே வடித்து வைத்திருக்கும் சன்னதிக்கு முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது.

அடுத்தது கோபம். நாலாம் நாள் ராமன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளவில்லை, லட்சுமணனிடம் வில்லைக் கேட்டான். சாமியிடம் கோபித்துக்கொண்டு பூஜை அறையைப் பூட்டி வைத்திருப்பவர்கள் கூசாமல் வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கடலரசன் வந்த பிறகும் கடல் வற்றிவிடவில்லை. ஆழமாக இருப்பது தன் சுபாவம், அதை மாற்றிக்கொள்ள முடியாது என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு, நளனைக் காட்டினான். விசுவகர்மாவின் பிள்ளையான அந்த வானரன் அதுவரை ராமனின் சேனைக்குள்ளேயேதான் இருந்தான். அவன் பொறுப்பில் முதல் நாள் 14 யோசனை (பழைய தூர அளவு), பிறகு 20, 21, 22, 23 என்று ஐந்தே நாளில் 100 யோசனைக்கு அணை கட்டி முடிந்தது. மரமும் பாறையும் நூல் பிடித்த அளவும் சேர்ந்த வேலை அது. வேண்டுதலையும் வைத்தியத்தையும் எதிரெதிரே நிறுத்தி, 'மருந்தை நிறுத்தினால்தான் முழு நம்பிக்கை' என்று உபதேசிப்பவர்களுக்கு இந்தத் தலத்தில் இடமில்லை.

"சரி, ராமனுக்குப் பாலம் கிடைத்தது, சீதை திரும்பினாள். என் பிள்ளை திரும்பவில்லையே?" நியாயமான கேள்வி. இதை ராமன் கதையால் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. பதில் விபீஷணனிடம் இருக்கிறது. அவன் சரணடைந்ததும் இதே கடற்கரையில்தான். சரணம் ஏற்கப்பட்டது. ஆனால் அவன் அதற்கு முன்பு மன்றாடியது எதற்கு? அண்ணன் திருந்த வேண்டும், அழிந்துபோகக் கூடாது என்று. அது நடக்கவில்லை. கடைசியில் ராவணனுக்கு ஈமக்கடன் செய்ததும் விபீஷணன்தான். பெருமாள் ஒருவனை ஏற்றுக்கொள்வதும் அவன் கேட்டதைக் கொடுப்பதும் வேறு வேறு என்பதை இந்தத் தலம் ஒளிக்கவில்லை. நம்பிக்கை என்று இங்கே எதையாவது சொன்னால் அது இதைத்தான் சொல்ல வேண்டும். இதில் ஆறுதல் குறைவுதான், பொய்யும் இல்லை.

வைணவ ஆசாரியர்கள் பிரபத்திக்கு, அதாவது சரணாகதிக்கு, தேச நியமம், கால நியமம், அதிகாரி நியமம் எதுவும் கிடையாது என்பார்கள். விபீஷணன் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வந்து சரணம் என்று சொல்லவில்லை என்பதை அதற்கு எடுத்துக்காட்டுவார்கள். ஆகவே நாள் நட்சத்திரம் பார்த்துக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்று ஆபரேஷன் தேதியைத் தள்ளுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இனி நடைமுறை.

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர். கீழக்கரை, ஏர்வாடி போகும் பஸ்கள் திருப்புல்லாணி வழியாகப் போகின்றன. சேதுக்கரை அங்கிருந்து இன்னும் நாலு கிலோமீட்டர், மெயின் ரோட்டை விட்டுப் பிரியும் வழி. ஆட்டோவில் போனால் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதையும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு வழிக்கு மட்டும் பேசிப் போய்விட்டு, ஈரத் துணியோடு வெயிலில் நிற்பவர்களை அமாவாசை கழிந்த மறுநாள்கூடப் பார்க்கலாம். விடியலில் சேதுக்கரை, பிறகு கோயில். இந்த வரிசை மாறினால் சிக்கல், ஏனென்றால் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். தேவிபட்டினம் எதிர்த்திசையில், ராமநாதபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். 'ஒரே நாளில் ராமேஸ்வரம், தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை' என்று வேன்காரர் கொடுக்கும் பேக்கேஜ் உல்லாசமாக வருகிறவர்களுக்குச் சரி. துக்கத்தோடு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேதுக்கரை மன்னார் வளைகுடாப் பக்கம், மீனவர்கள் ஆண் கடல் என்று சொல்லும் தென்கடல். ஆனி, ஆடியில் தென்காற்று வாங்கும்போது அலை தடுமாற வைக்கும். ஆடி அமாவாசைக் கூட்டமும் அதே சமயத்தில் வந்து சேருவதுதான் சங்கடம். ஆழத்தைவிடக் காலடியில்தான் ஆபத்து அதிகம். முங்கியவர்கள் விட்டுப்போன வேட்டியும் சேலையும் மணலில் பாதி புதைந்து கிடக்கும், காலில் சுற்றினால் வயதானவர்கள் விழுவது நிச்சயம். முழங்கால் அளவோடு நின்று, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து முழுகினால் போதும். துணியைக் கடலில் விட வேண்டும் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஒரு பையில் சுருட்டி எடுத்துவருவதால் எந்தத் தோஷமும் ஏறாது. பக்கத்தில் கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் கோயில், அங்கே ஐந்து நிமிஷம் நிழல் கிடைக்கும்.

தர்ப்பணம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி. அதேபோல அம்மா வழியிலும். பேரும் கோத்திரமும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். கடற்கரையில் சாஸ்திரிகள் கேட்கும்போது பாதிப் பேருக்குக் கொள்ளுப்பாட்டி பேர் வராது, அந்தப் பதற்றத்தில் அழுகையும் சேர்ந்துகொள்ளும். பேர் தெரியாவிட்டாலும் அதற்கென்று வழி வைத்திருக்கிறார்கள், காரியம் நின்றுபோகாது. கறுப்பு எள், தர்ப்பை இரண்டும் அங்கேயே கிடைக்கும். எள்ளும் தண்ணீரும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்க வேண்டும். சரசரவென்று மந்திரம் ஓடும் இடத்தில், "கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்க சாமி" என்று கேட்பதில் தப்பில்லை, பெரும்பாலானவர்கள் நிதானிப்பார்கள். தட்சணையை உட்காரும் முன்பே பேசுங்கள். அப்பா உயிரோடு இருப்பவர்கள் தர்ப்பணம் செய்வதில்லை. இறந்து வருஷம் திரும்பாதவர்கள் தங்கள் வீட்டு வாத்தியாரை, அதாவது புரோகிதரை, கேட்டுக்கொண்டு வருவது நல்லது. இது குடும்ப வழக்கத்துக்கு வழக்கம் மாறும், கடற்கரையில் அவசரத்தில் முடிவு பண்ணும் விஷயமல்ல.

பால் பாயசம் பற்றிச் சொல்லாமல் விட்டால் திருப்புல்லாணி விமர்சனம் ஆகாது. தசரதன் பிள்ளை வரம் கேட்டு வந்த தலம் என்பது ஸ்தல புராணம். சேதுவில் நீராடி, நாகரை வணங்கி, பெருமாளுக்கு நிவேதனமான பாயசத்தைத் தம்பதியாக வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். முறைப்படி செய்ய நினைப்பவர்கள் முந்தின நாளே வந்துவிடுவார்கள். காலையில் நேரத்தோடு கோயில் அலுவலகத்தில் சொல்லிப் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும், பத்து மணிக்கு வந்து கேட்டால் சமையல் முடிந்திருக்கும். கட்டணத்தைப் பலகையில் பார்த்துக் கட்டுங்கள், வாசலில் சொல்லும் தொகையை வைத்து அல்ல.

ஒரு தடவை வந்துபோய், சிகிச்சையும் எடுத்து, பிள்ளை தங்காதவர்களும் திரும்ப வருகிறார்கள். 'போன தடவை நாகப் பிரதிஷ்டை சரியாக அமையவில்லை' என்று இன்னொரு கல், இன்னொரு ஹோமம் என்று இழுப்பவர்கள் வாசலுக்கு வெளியே உண்டு. கல் கூடினால் யாருக்கு லாபம் என்று மட்டும் யோசியுங்கள். அரசமரத்தடியில் ஏற்கெனவே அடுக்கடுக்காக நாகர்கள் நிற்கிறார்கள், மஞ்சள் பூசினது பாதி, பாசி ஏறினது பாதி. இருப்பதையே கும்பிடலாம். பாயசத்தையும் இரண்டாம் தடவை பிரசாதமாக மட்டும் நினைத்துச் சாப்பிடலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அதே வரிசையில் கைக்குழந்தையோடு நன்றி சொல்ல வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள், அதைப் பார்க்க மனசுக்குத் தெம்பு இல்லாத நாளில் இந்த வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். கோயில் நிர்வாகம் இவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்தால் புண்ணியமாகப் போகும்.

நோயாளி வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ இருக்க, வேண்டிக்கொள்ள வந்தவர்களுக்குச் சில எச்சரிக்கை. பேர், நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்து துளசி வாங்கிப் போவது சரி. தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்துப் போய், கீமோதெரபி எடுப்பவருக்கோ மாற்று உறுப்பு பொருத்தியவருக்கோ வாயில் விடாதீர்கள். அவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும், நமக்கு ஒன்றும் செய்யாத தண்ணீர் அவர்களுக்குக் காய்ச்சலாகிவிடும். துளசியைக்கூடத் தலைமாட்டில் வைத்தால் போதும், அதுவும் ஐ.சி.யூவில் நர்ஸைக் கேட்டுக்கொண்டு. தையல் ஆறாதவர்களைக் கடலில் இறக்கக் கூடாது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் 'தரிசனம் முடியும்வரை பச்சைத் தண்ணி பல்லில் படக் கூடாது' என்று கிடந்தால் நடுவில் மயங்கிவிடுவார்கள். இட்லியைத் தின்றுவிட்டுச் சன்னதிக்குப் போங்கள்.

வேண்டுதல் பாக்கி பற்றியும் நிறையப் பேருக்குக் குழப்பம். ஒரு ரூபாய் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, 'பிழைத்து வந்தால் அதைச் செய்கிறேன்' என்று நேர்ந்துகொள்கிறார்கள். ஆள் பிழைக்கவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். துணியின் மஞ்சள் வெளிறி, காசு கறுத்துப் போய், அலமாரியில் வருஷக்கணக்கில் கிடக்கும். 'நடந்தால் செய்கிறேன்' என்று சொன்ன நேர்ச்சை நடக்காதபோது கடனாவதில்லை. தாமதமாக நேர்ந்துகொண்டதால்தான் உயிர் போனது என்பதும் வீண் பேச்சு. முடிச்சைக் கொண்டுவந்து உண்டியலில் போட்டுவிடலாம். அதற்கு அர்ச்சனையோ பரிகாரமோ தனியாக வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

இங்கே கிடைக்கும் இன்னொன்றை ஏனோ யாரும் விளம்பரம் செய்வதில்லை. திருமங்கை ஆழ்வார் இந்த ஊர்ப் பெருமாளைப் பாடியது தலைவி பாவத்தில். வந்தவன் நெஞ்சைக் கொண்டு போய்விட்டான், திரும்பி வரவில்லை, அவன் இருக்கும் ஊர் புல்லாணி, அதையாவது தொழுவோம் என்று ஏங்குகிற குரல். வராதவனைத் திட்டாமலும் இல்லை, விடவும் இல்லை. பெரிய திருமொழியில் ஒன்பதாம் பத்தில் இருக்கிறது. போகும் முன் வீட்டில் ஒரு தடவை படித்துவிட்டுப் போனால், சன்னதியில் நிற்கும்போது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திணறுகிறவர்களுக்குக் கைகொடுக்கும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

அதே ரோட்டில் தெற்கே போனால் ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கி துஆ, அதாவது பிரார்த்தனை, கேட்கும் தர்கா. முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா ஜனமும் வரும். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் இருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கட்டுப்பாடுகள் இறுகின. 2017 மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதை எந்த ரூபத்திலும் தடை செய்கிறது. மருந்தும் துஆவும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும் என்று அரசு மனநல மருத்துவத்தைத் தர்காவுக்கே கொண்டுவந்தது நல்ல காரியம். மாத்திரையை நிறுத்தச் சொல்லாமல் துஆ ஓதுகிறவர்தான் நம்பத்தக்கவர், இந்த ஒரு சோதனை போதும். போவதற்கு முன் யாரையாவது கேட்க வேண்டும் என்றால் 14416, மனநல ஆலோசனைக்கு அரசு நடத்தும் இலவச டெலிமானஸ் எண், தமிழிலேயே பேசலாம். துக்கத்தில் தூக்கம் வராமல் நாட்கள் ஓடுகிறவர்களுக்கும் அதே எண்தான்.

குறைகள் என்று பார்த்தால், திருப்புல்லாணியில் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார வெளியே இடம் குறைவு. சேதுக்கரையில் பெண்கள் உடை மாற்றுவது அமாவாசையன்று பெரும்பாடு. ஒரு பெரிய துண்டும் நைட்டியும் கொண்டு போவது கெட்டிக்காரத்தனம். வாசல் தரகர்களுக்கு 'வீட்டு வாத்தியார் சொன்னபடி செய்கிறோம்' என்ற ஒரே பதில் போதும், அதற்கு மேல் வாயைக் கொடுத்தால் விடமாட்டார்கள். ஈரத் துணியோடு சன்னதிக்குள் போகாதீர்கள், கல்தரை வழுக்கும், பின்னால் வருபவர் விழுவார்.

அமாவாசை, சனிக்கிழமை, பங்குனி, சித்திரை உற்சவ நாட்கள் இவற்றை விட்டு, ஒரு சாதாரண செவ்வாய் புதனில் வாருங்கள். தர்ப்பசயன ராமர் முன்னால் அப்போது யாரும் நகரச் சொல்லி விரட்ட மாட்டார்கள். தட்டில் போடச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்; ஐந்நூறு ரூபாய்க்கு மாற்று அந்தக் கடைத்தெருவில் லேசில் கிடைக்காது.